துளையின் விளிம்பைத் தடவிப் பாருங்கள்
கப்பலூர்ப் பட்டறைகளில் ஸ்கூபா முதுகுத்தகடு (கடலில் மூழ்குபவர் காற்று உருளையை முதுகில் சுமக்க உதவும் தகடு) வெட்டித்தரக் கேட்கும் மதுரை நண்பர்களே, எஃகின் ரகத்தை மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். துருப்பிடிக்காத எஃகில் 316 ரகம் நல்லதுதான். அதிலுள்ள மாலிப்டினம் உப்புநீர் அரிப்பை 304-ஐவிட நன்றாகத் தாங்கும்.

என் கவலையெல்லாம் பட்டை நுழையும் துளைகளின் விளிம்பு பற்றியது. வெட்டியபின் பிசிறை ராவி மழுங்கச் செய்யாவிட்டால், 50 மில்லிமீட்டர் நைலான் பட்டையை அது ஒவ்வோர் அசைவிலும் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். தோளையும் இடுப்பையும் சுற்றுவது பெரும்பாலும் ஒரே நீளப் பட்டை. கடலுக்கடியில் மொத்தக் கருவியையும் உடலோடு பிணைப்பது அதுதான்! விரல் சற்றே கீறினாலும் தகட்டைத் திருப்பிக் கொடுங்கள்.

நடுப்பள்ளத்தின் மேல், கீழ்த் துளைகளுக்கு 11 அங்குல இடைவெளி வேண்டும். பிசகினால், நீரில் மிதப்பைச் சீராக்கும் காற்றுப்பை தகட்டோடு பொருந்தாது. நம் ஊர்க் கைகளுக்கு இந்த நேர்த்தி கைவந்ததே. எதற்காக என்று அவர்களிடம் விளக்கிச் சொல்லுங்கள், கூடுதல் கூலி கேட்டால் மனதாரக் கொடுங்கள்.