பதிப்பு தயார், கையெழுத்துதான் வரவில்லை

கட்டற்ற (நிரலை யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம்) சொற்செயலி ஒன்றின் பெரிய பதிப்பை ஒருவழியாக வெளியிட்டுவிட்டோம். சொன்ன தேதி தள்ளிப்போனதற்கு நிரல் எழுதியவர்கள் காரணமில்லை, வழுக்களும் (நிரல் பிழைகள்) காரணமில்லை. எங்கள் வீட்டு ஈபி பில் அப்பா பெயரில் இருப்பதுதான் காரணம்.

திட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். ஆளுக்கொரு நாட்டில் இருந்துகொண்டு ஓய்வு நேரத்தில் வேலை பார்க்கும் சிறிய கூட்டம். இந்தமுறை வெளியீட்டை ஒருங்கிணைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கால அட்டவணையை லிப்ரே ஆபிஸ் என்ற பெரிய கட்டற்ற அலுவலகத் தொகுப்பைப் பார்த்துத்தான் போட்டோம். அங்கே ஆண்டுக்கு இரண்டு பெரிய பதிப்புகள், பிப்ரவரி வாக்கில் ஒன்று, ஆகஸ்ட் வாக்கில் ஒன்று. 2024 முதல் பதிப்பு எண்ணே 24.2, 24.8 என்று ஆண்டும் மாதமுமாக மாறிவிட்டது. நேரமானால் பஸ் கிளம்பிவிடும், ஏறாத வசதி அடுத்த பஸ்ஸில் வரட்டும் என்ற கணக்கு. அபிவேர்ட் என்ற இன்னொரு கட்டற்ற சொற்செயலியில் 2.8 வந்தது 2009இல், 3.0 வந்தது 2013இல். அத்தனை பெரிய இடைவெளியைத் தாங்க எங்களிடம் ஆள் இல்லை.

ஆல்ஃபா, பீட்டா என்ற சோதனைப் பதிப்புகள் எல்லாம் கால அட்டவணைப்படி முடிந்தன. புது வசதிகள் சேர்ப்பதை நிறுத்திய பிறகு ஒருவர் மட்டும் ஆவணத்தில் டேபிள்களை ஒட்டும் புது வசதியோடு வந்து "இன்னும் ஒரு வாரம்" என்று நின்றார். லிப்ரே ஆபிஸில் வெளியீட்டுக்கென்று நிரலின் தனிப் பிரதியை, அதாவது கிளையை, பிரித்த பிறகு ஒரு மாற்றம் உள்ளே போக இன்னொருவர் பார்த்து ஒப்ப வேண்டும், கடைசி வெளியீட்டுக் கிளைக்குக் கூடுதலாக இரண்டு பேர் ஒப்ப வேண்டும். அந்த விதியை அப்படியே எடுத்து வைத்திருந்தோம். அவருக்கு ஒப்ப ஆள் கிடைக்கவில்லை, நானும் வில்லனாகாமல் தப்பித்தேன். முடியாது என்று சொல்லத் தயங்குகிறவர்கள் இந்த விதியை முதல் நாளே எழுதி வைத்துவிடுங்கள்.

சரி, கையெழுத்துக்கு வருகிறேன். விண்டோஸ் நிறுவியில் டிஜிட்டல் கையெழுத்து இல்லாவிட்டால் வெளியீட்டாளர் யாரென்று தெரியவில்லை என்று எச்சரிக்கை வரும். அலுவலகக் கணினிகள் பலவற்றில் நிறுவவே விடாது. அந்தக் கையெழுத்தைப் போட, நாம் யாரென்று சரிபார்த்து ஒரு நிறுவனம் தரும் சான்றிதழ் வேண்டும். எங்கள் பழைய சான்றிதழ், திட்டத்தை விட்டு விலகிய ஒருவர் பெயரில் இருந்தது. அது காலாவதியாகும் நாள் ஆர்சி (வெளியிடத் தகுதியானதா என்று பார்க்கும் கடைசிச் சோதனைப் பதிப்பு) கட்டத்துக்கு நடுவே வந்து நின்றது. முன்பு அது வெறும் கோப்புதான், நிரலிலிருந்து நிறுவியை உருவாக்கும் பில்ட் சர்வரில் போட்டுவைத்தால் தானே கையெழுத்திட்டுக்கொள்ளும். 2023 ஜூன் 1 முதல் விதி மாறிவிட்டது. கையெழுத்திடும் ரகசியச் சாவி வன்பொருளுக்குள்தான் இருக்க வேண்டும், ஒன்று கணினியில் செருகும் யுஎஸ்பி டோக்கன், இல்லையென்றால் அதற்கென்று இருக்கும் கிளவுட் சேவை. கிளவுட் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

நாங்கள் பதிவு பெற்ற அமைப்பு இல்லை, அதனால் தனிநபர் சான்றிதழ்தான் வாங்க முடியும். சான்றிதழ் தரும் நிறுவனத்தில் என் பெயரில் விண்ணப்பித்தேன். பணம் கட்டுகிறவரை எல்லாம் ஜோர். பிறகு பாஸ்போர்ட் கேட்டார்கள், அனுப்பினேன். முகவரிக்கு மின் கட்டண ரசீது கேட்டார்கள். அது அப்பா பெயரில். கேஸ் இணைப்பும் அப்படியே. ஆதாரை அனுப்பினால் அதில் இனிஷியல், பாஸ்போர்ட்டிலோ அப்பாவின் முழுப்பெயர் சர்நேமாக இருக்கிறது. "இரண்டு ஆவணங்களிலும் பெயர் வேறாக உள்ளது" என்று திருப்பி அனுப்பினார்கள். எங்கள் ஊரில் குடும்பப்பெயர் வழக்கம் இல்லை, முன்னால் இருக்கும் எழுத்து அப்பா பெயரின் முதலெழுத்து என்று நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். பதில் வேறொருவரிடமிருந்து வந்தது: மின் கட்டண ரசீதை அனுப்பவும். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு புது ஆள், முந்தையவர் என்ன கேட்டார் என்பது அடுத்தவருக்குத் தெரியாது. கடைசியில் வேலைக்கு ஆனது வங்கி ஸ்டேட்மென்ட். பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்துக்கூட்டலிலேயே பெயரும் முகவரியும் அதில் இருந்தன. இனிஷியல் வைத்திருக்கும் நம்மவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே இதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அடுத்து தொலைபேசிச் சரிபார்ப்பு. அழைப்பு வந்தது நள்ளிரவில், போனே அதை ஸ்பாம் என்று ஒதுக்கிவிட்டது. மீண்டும் வரிசை. அதுவும் முடிந்து டோக்கன் கிளம்பினால் சுங்கத்தில் நின்றது. கூரியரிலிருந்து பேசியவர், பொருள் என்ன என்று கேட்டார். மென்பொருளுக்குக் கையெழுத்துப் போடும் கருவி என்றேன். "பேனாவா சார்?" என்றார். பென்டிரைவ் மாதிரி என்று சொல்லியிருந்தால் அப்போதே முடிந்திருக்கும் போலிருக்கிறது. கேஒய்சி, வரி எல்லாம் கட்டி வாங்கினேன்.

டோக்கன் சுங்கத்தில் கிடந்த காலத்தில் இங்கே இன்னும் இரண்டு கூத்து. இடைமுகச் சொற்களை (மெனு, பொத்தான் பெயர்கள்) இனி மாற்றக்கூடாது என்று உறையவைத்த பிறகு ஒருவர் மெனுக்களின் முடிவில் மூன்று புள்ளிகளைச் சேர்த்து "அழகுபடுத்தி" விட்டார். மொழிபெயர்ப்புக்கு நாங்கள் பயன்படுத்தும் கெட்டெக்ஸ்டில் மூலச்சொல் இம்மி மாறினாலும் மொழிபெயர்ப்பு சந்தேகப் பட்டியலுக்குப் போய்விடும். அப்படிப் போனவற்றை, மொழிபெயர்ப்புகளைத் தொகுக்கும் அதன் எம்எஸ்ஜிஎஃப்எம்டி கருவி வழக்கமாகச் சேர்க்காது. பாதி மெனு எல்லா மொழியிலும் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிட்டது. மாற்றத்தைத் திரும்ப எடுத்தோம்.

இன்னொன்று, ஒவ்வொரு ஆர்சியிலும் நான் ஓட்டிப் பார்க்கும் தமிழ்ச் சோதனைக் கோப்பில் சிக்கியது. கொ, கோ, கௌ, க்ஷ, ஸ்ரீ எல்லாம் கலந்த ஒரு பக்கம். திரையில் சரி, அச்சில் சரி. பிடிஎஃப் ஆக்கி அதிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் கொம்பு முன்னால் போய் 'ெகா' என்று விழுகிறது, தேடினால் அப்படிப்பட்ட ஒரு சொல்கூட அகப்படவில்லை. முந்தைய பதிப்பில் இது இல்லை. எந்த மாற்றத்தில் கெட்டது என்று தேடும் கிட் பைசெக்ட் கருவியைப் போட்டுப் பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே போனால் எங்கள் நிரலில் ஒரு வரிகூடக் குற்றவாளி இல்லை. நாங்கள் பயன்படுத்தும், பிறர் எழுதிய ஒரு நூலகத்தை (ஆயத்த நிரல்தொகுப்பு) பில்ட் சர்வர் நடுவில் தானாகப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. நிரலை உறையவைக்கும் அன்றே சார்ந்திருக்கும் நூலகங்களின் பதிப்பையும் பூட்டி வையுங்கள். கண்டுபிடித்த அன்று இரவு நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டோக்கன் கையில் வந்த பிறகாவது நிம்மதி என்று பார்த்தால், சர்வர் இருப்பது ஜெர்மனியில், டோக்கன் இருப்பது என் மேசையில். கையெழுத்தில்லாத நிறுவியை இறக்கி, பின் எண் தட்டி, கையெழுத்திட்டு, திரும்ப ஏற்ற வேண்டும். பின்னைத் தொடர்ந்து தவறாகப் போட்டால் டோக்கன் பூட்டிக்கொள்ளும், ஆகவே தூக்கக் கலக்கத்தில் இந்த வேலை வேண்டாம். கையெழுத்தோடு, அது எப்போது போடப்பட்டது என்று காட்டும் நேரமுத்திரையும் சேர்க்க மறக்காதீர்கள். அது இருந்தால் சான்றிதழ் காலாவதியான பிறகும் பழைய நிறுவிகள் செல்லும். கடைசி ஆர்சியை ஒரு பைட்கூடத் தொடாமல் அதையே இறுதிப் பதிப்பாக விடுவது என்று முன்பே முடிவு செய்திருந்ததால் ஒரு சுற்று மிச்சமானது. லிப்ரே ஆபிஸிலும் அப்படித்தான். மேக் பக்கம் தொல்லையே இல்லை: ஆண்டுக்கு 99 டாலர், ஆப்பிள் சரிபார்த்து ஒப்புதல் தரும் 'நோட்டரைஸ்' வேலைக்கு அனுப்பினோம், வந்துவிட்டது.

இப்போது தொடங்குகிறவர்கள் முதலில் சைன்பாத் ஃபவுண்டேஷனைப் பாருங்கள். கட்டற்ற திட்டங்களுக்கு இலவசமாகவே கையெழுத்திட்டுத் தருகிறார்கள். வெளியீட்டாளர் என்று அவர்கள் பெயர்தான் வரும், அது உறுத்தாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

வெளியிட்ட அன்று வந்த முதல் புகார் என்ன தெரியுமா? "உங்கள் நிறுவியை விண்டோஸ் தடுக்கிறது, வைரஸா?" சான்றிதழ் புதியது என்பதால் விண்டோஸின் பாதுகாப்பு வடிகட்டியான ஸ்மார்ட்ஸ்கிரீனுக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை, பலர் இறக்கிய பிறகுதான் அதன் நீல எச்சரிக்கைத் திரை அடங்கும். இதை முன்பே எதிர்பார்த்து, 'கூடுதல் தகவல்' அழுத்தி நிறுவுவது எப்படி என்று படத்தோடு ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் அதையே அனுப்பினேன். இப்போது புகார் குறைந்துவிட்டது. அடுத்த வழுநீக்கப் பதிப்பும் இதே சான்றிதழில்தான் போகும். திட்டத்தை அமைப்பாகப் பதிவு செய்து அந்தப் பெயரில் புதிதாக வாங்கலாமே என்று குழுவில் ஒருவர் தொடங்கியிருக்கிறார். தாராளமாகச் செய்யட்டும், விண்ணப்பத்தை மட்டும் அவரே போட வேண்டும்.