ஸ்லோ குக்கரில் கொண்டைக்கடலை ஒருவழியாக வெந்தது

கருப்புக் கொண்டைக்கடலை வெந்துவிட்டது. இரண்டு விரலால் அழுத்தினால் வெண்ணெய் மாதிரி நசுங்குகிறது. கோழி, பருப்பு, எலும்பு சூப் எல்லாம் இந்த ஸ்லோ குக்கரில் (குறைந்த சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்சாரப் பாத்திரம்) முதலிலிருந்தே நன்றாக வந்தன. கடலை மட்டும் எட்டு மணி நேரம் கழித்துத் திறந்தாலும் நறுக் நறுக்கென்று உயிரை வாங்கியது.

பழைய சரக்கு என்று முதலில் கடையைச் சந்தேகப்பட்டேன். அதிலும் உண்மை உண்டு. ரொம்ப நாள் சூட்டில் கிடந்த பயறு எவ்வளவு ஊறினாலும் இறுகியே இருக்கும். ஆனால் வேறு கடையில் வாங்கியதும் அதே கதைதான். கடைசியில் லண்டன் தண்ணீர்தான் காரணம் என்று புரிந்தது. கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்புதான். அதிலுள்ள கால்சியம், கடலையின் செல்களை ஒட்டவைக்கும் பெக்டின் என்ற பொருளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிரஷர் குக்கரின் சூடு அதையும் மீறி வேகவைத்துவிடும். ஸ்லோ குக்கருக்கு அந்த வேகம் கிடையாது.

இப்போது நான் செய்வது இதுதான். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படிந்தது விழாமல் மேலாக ஊற்றி எடுக்கிறேன். கொதித்ததுமே சுண்ணாம்பில் பெரும்பகுதி இறங்கிவிடும். 400 கிராம் கடலைக்கு 2 லிட்டர் தண்ணீர், ஒன்றரை மேசைக்கரண்டி உப்பு போட்டு இரவு முழுக்க ஊறல். உப்புப் போட்டால் வேகாது என்று ஊரில் சொல்வார்கள். ஊறவைக்கும் தண்ணீரில் போடும்போது நேர்மாறாகத்தான் நடக்கிறது. உப்பிலுள்ள சோடியம் உள்ளே போய்க் கால்சியத்தை வெளியே தள்ளுகிறது. காலையில் வடித்துக் கழுவி, இதே மாதிரி ஆறவைத்த தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா சேர்த்து, அடுப்பில் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, அப்படியே குக்கரில் கொட்டி லோவில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பலாம். சோடா கூடினால் சோப்பு வாடை வரும், கவனம்.

புளியையும் தக்காளியையும் கடலை முழுக்க வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். புளிப்பு விழுந்தால் வேகுவது ரொம்பவே மந்தமாகிவிடும். இன்னொன்று, ஸ்லோ குக்கரில் புளியின் பச்சை வாசனை போகவே போகாது. அதனால் சாயங்காலம் வாணலியில் கடுகு, வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு தாளித்து, மிளகாய்த்தூளை வதக்கி, புளிக்கரைசலைக் கெட்டியாக ஊற்றி எண்ணெய் பிரியும்வரை கொதிக்கவிட்டு, அதைக் கடலையில் சேர்த்து ஹையில் ஒரு மணி நேரம் விடுகிறேன். மூடியிலிருந்து ஆவி போகாததால் குழம்பு தானாக வற்றாது. ஒரு கைப்பிடி கடலையைத் தேங்காயோடு அரைத்துவிட்டால் சரியான பதம் வந்துவிடும்.

பிரஷர் குக்கர் இருக்கும்போது இது எதற்கு என்று அக்கா போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நாங்கள் இருவரும் ஷிப்ட் வேலை. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும் நேரத்தில் விசிலுக்குக் காத்து நிற்க வீட்டில் ஆள் இல்லை. செலவும் குறைவு: என் குக்கர் 210 வாட், எட்டு மணி நேரம் ஓடினாலும் 1.7 யூனிட்டைத் தாண்டாது. கடையில் வாங்கும் வெந்த கடலை 400 கிராம் டின்னை வடித்தால் கையில் நிற்பது 240 கிராம்தான். உலர்ந்த கடலையோ வெந்தபின் இரண்டு மடங்குக்கு மேல் எடை கூடும். நாலு பேருக்கு இரண்டு வேளை தாராளமாக வருகிறது.

ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த் பக்கம் போகிறவர்கள், சரக்கு சீக்கிரம் விற்றுத் தீரும் கூட்டமான கடையாகப் பார்த்து, பாக்கெட்டின் தேதியையும் பார்த்து வாங்குங்கள். பெரிய மூட்டை மலிவு என்று எடுத்து அலமாரியில் அடுக்காதீர்கள்.

சிவப்பு ராஜ்மாவுக்கும் இதே முறை ஒத்துவரும், ஆனால் அங்கே அடுப்பில் கொதிக்கவைப்பதைத் தவிர்க்கவே கூடாது. அதிலுள்ள நச்சு ஸ்லோ குக்கரின் மிதமான சூட்டில் அழியாது, கூடவும் செய்யலாம். பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் கொதிக்கவைத்த பிறகே குக்கருக்குள் போக வேண்டும். நான் அரை மணி நேரம் கொதிக்கவிடுகிறேன்.

கடலைக் குழம்பில் கத்தரிக்காயை எப்போது போடுவது என்பது இன்னும் பிடிபடவில்லை. முன்னால் போட்டால் கரைகிறது, கடைசியில் போட்டால் புளி ஏறவில்லை. அதற்குள் மனம் ஆட்டுக் கழுத்துக் கறிக்குத் தாவிவிட்டது. தொடைக்கறியைவிட மலிவு, எலும்போடு மெதுவாக வேகும்போதுதான் அதன் ருசியே வரும். ஹலால் கடையில் துண்டு போட்டுத் தரச் சொல்லியிருக்கிறேன், சனிக்கிழமை எடுக்க வேண்டும்.