வழிவிட்டதுதான் தப்பு: செப்ரிங்கில் மூன்று மணி நேரம்

விபத்து நடப்பதற்கு ஒரு நொடி முன்பு வரை நான் ரொம்ப நல்ல பிள்ளையாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு ஜிடிபி கார், இருப்பதிலேயே வேகமான வகை, விளக்கை அடித்து அடித்துக் காட்டுகிறது, என்னுடையதோ மெதுவான ஜிடி3, சரி, போகட்டும் பாவம் என்று ரேசிங் லைனை, அதாவது வேகமாகப் போக எல்லாரும் பிடிக்கிற பாதையை, அவனுக்கே விட்டுவிட்டு வலது பக்கம் ஒதுங்கினேன். என்னைத் தாண்டுவதற்காக அவன் ஏற்கெனவே அதே வலது பக்கத்துக்கு வந்திருந்தான். நான் போய்க்கொண்டிருந்ததே மணிக்கு 240 கிலோமீட்டரைத் தாண்டிய வேகம், அவன் அதைவிடவும் வேகம். அவன் கார் மூக்கு என் பின் சக்கரத்தில் பட்டது, என் பிஎம்டபிள்யூ எம்4 பம்பரமாகச் சுற்றிப் போய்ச் சுவரில் சாய்ந்தது. அவன் என்ன ஆனான் என்பதை ரீப்ளேயில்தான் பார்த்தேன். நல்லபடியாக ஒன்றும் ஆகவில்லை.

இடம் செப்ரிங். ஃபுளோரிடாவில் இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளத்தின் ஓடுபாதைகளை வைத்து உருவான சர்க்யூட், 1952 முதல் 12 மணி நேரப் போட்டி நடக்கும் ஊர். நாங்கள் ஓட்டியது ஐரேசிங் என்ற ஆன்லைன் கார்ப்பந்தய விளையாட்டில் உள்ள செப்ரிங்கில், 12 மணி நேரமெல்லாம் இல்லை, மூன்று மணி நேரம்தான், ஒரு காருக்கு இரண்டு பேர். மொத்தம் 44 கார்கள்: ஜிடிபி 12, வேகத்தில் அதற்கு அடுத்த எல்எம்பி2 12, எங்களைப் போல ஜிடி3 ஓட்டுகிறவர்கள் 20. மூன்று கிளாஸும் ஒரே தடத்தில், ஒரே நேரத்தில், ஆனால் போட்டி அவரவர் கிளாஸுக்குள் மட்டும். மல்டி கிளாஸ் என்றால் இவ்வளவுதான். சொல்லும்போது எளிமையாகத்தான் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் இதன் விபரீதம் புரியும். செப்ரிங் ஒரு சுற்று சுமார் 6 கிலோமீட்டர், 17 வளைவுகள். ஜிடி3க்கு ஒரு லேப் ஏறக்குறைய இரண்டு நிமிடம், ஜிடிபி அதைவிட 12, 13 வினாடி வேகம். அப்படியென்றால் ஒவ்வொரு ஜிடிபியும் ஒன்பது லேப்புக்கு ஒரு முறை என்னைத் தாண்டியாக வேண்டும், எல்எம்பி2க்கு இன்னும் சில லேப் கூடுதலாக ஆகும். 24 கார்களுக்குக் கணக்குப் பார்த்தால் ஒரு லேப்புக்குச் சராசரியாக இரண்டு பேர் என்னைத் தாண்டிப் போகிறார்கள். சராசரி என்பதுதான் ஏமாற்று வேலை. நாலு லேப் ஒருத்தரும் வரமாட்டார்கள், அப்புறம் ஒரே வளைவில் ஆறு பேர் வந்து நிற்பார்கள், அதில் நான்கு பேர் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வருவார்கள்.

முதல் லேப்பைப் பற்றிப் பெருமையாகச் சொல்லலாம் என்றுதான் ஆசை. ஜிடி3யில் 15ஆவது இடத்தில் தொடங்கி, லேப் முடியும்போது 9ஆவது. ஆனால் ஓட்டித் தாண்டியது ஒருத்தனைக்கூட இல்லை. செப்ரிங்கின் முதல் வளைவு வேகமான இடது வளைவு, கான்கிரீட்டும் தாருமாக மேடு பள்ளம் வேறு, அதில் முன்னால் போன யாரோ சீக்கிரமே பிரேக் பிடிக்க, அவன் பின்னால் வந்தவன், அவனுக்கும் பின்னால் வந்தவன் என்று வரிசையாக ஒருவர் மேல் ஒருவர் ஏறிவிட்டார்கள். புகைக்குள் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு போனேன். மறுபக்கம் வெளியே வந்தபோது என் முன்னால் தடம் காலியாக இருந்தது. திறமை என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

அப்புறம் ஏறக்குறைய 17 நிமிடம் நிம்மதி. ஜிடிபி முன்னணிக் கார்கள் ஒரு முழுச் சுற்று கூடுதலாக ஓடி நம்மைப் பின்னாலிருந்து எட்டுவதற்கு அவ்வளவு நேரம் ஆகும். அந்த 17 நிமிடத்தில்தான் மனிதனுக்கு வீண் நம்பிக்கை வருகிறது. நான்காவது ஜிடிபியாக வந்தவன்தான் முதல் பத்தியில் சொன்னவன்.

டோ வண்டி, பழுதுபார்ப்பு எல்லாம் சேர்த்து ஆறு நிமிடம் போனது, மூன்று லேப். பிட்டில் உட்கார்ந்திருந்தபோது அவனிடமிருந்து சாட்டில் செய்தி: ஏன் நகர்ந்தாய்? எனக்குச் சுருக்கென்று கோபம். வழிவிட்டேன், நீதானே விளக்கு அடித்தாய் என்று எழுதினேன். உடனே பதில் வந்தது: வருகிறேன் என்று சொன்னேன், நகரச் சொல்லவில்லையே.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ரீப்ளேயை மூன்று கோணத்தில் பார்த்தேன், மூன்றிலும் தப்பு என் பேரில்தான். ஐரேசிங்கில் நீலக் கொடி என்பது பின்னால் வேகமான கார் வருகிறது என்ற தகவல் மட்டும்தான், ஒதுங்கு என்ற கட்டளை இல்லை. பத்திரமாகத் தாண்டுவது வேகமான காரின் பொறுப்பு. மெதுவான கார் செய்ய வேண்டியது அது வழக்கமாகப் போகிற பாதையிலேயே போவது. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும், விதிமுறையில் படித்ததுதான், ஆனால் கண்ணாடியில் அந்த வெளிச்சம் பளிச்பளிச்சென்று அடிக்கும்போது, யாரோ கதவைத் தட்டுவது மாதிரி, எழுந்து திறக்காவிட்டால் மரியாதை இல்லையோ என்று கை தானாகத் திரும்பிவிடுகிறது.

ஆன்லைனில் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. என் திரையில் தெரிகிற அவனுடைய கார், இந்த நொடியில் அவன் இருக்கும் இடம் இல்லை. கடைசியாக வந்த தகவலை வைத்து, இந்த வேகத்தில் இதே திசையில் போனால் இப்போது இங்கே இருப்பான் என்று என் கணினி போடுகிற கணக்கு. அவன் திரையில் என் காரும் அப்படியே. நான் நேராகப் போகும்வரை கணக்குச் சரியாக வரும். சட்டென்று விலகினால், அந்தச் செய்தி கடல் தாண்டிப் போய்ச் சேருவதற்குள் அவன் பார்த்துக்கொண்டிருப்பது நேராகப் போய்க்கொண்டிருக்கும் ஒரு நல்லவனை.

இரண்டாவது ஸ்டின்ட்டில், அதாவது அடுத்த முறைக்கு, என் ஜோடியான நண்பன் ஓட்ட, நான் டிஸ்கார்ட் குரல் அரட்டையில் ஸ்பாட்டர், பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறவன். வெளியே உட்கார்ந்து பார்க்கும்போதுதான் வேறொன்று புரிந்தது. ஆபத்து முதலில் வருகிற காரால் இல்லை, அது வழி பார்த்துத்தான் வருகிறது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிற இரண்டாவது கார் நம்மைப் பார்ப்பதே கிடையாது, முன்னால் போகிறவன் நுழைந்த சந்தில் தானும் நுழைகிறது, அதற்குள் சந்து மூடிவிடுகிறது. அதனால் "மச்சான், ஒண்ணு போயிடுச்சு, இன்னொண்ணு இருக்கு, இன்னும் இருக்கு, இரு, இரு, இப்ப திரும்பு" என்று தொண்டை கட்டும்வரை கத்திக்கொண்டிருந்தேன்.

ஏழாவது வளைவான ஹேர்பின், கிட்டத்தட்ட வந்த திசைக்கே திருப்பிவிடும் மெதுவான வளைவு, இன்னொரு தலைவலி. வேகமான வளைவுகளில் ஜிடிபி பறக்கும், எடை குறைவு, காற்று காரைத் தரையோடு அழுத்தும் டவுன்ஃபோர்ஸ் அதிகம். ஆனால் ஹேர்பின்னில் போகிற வேகத்துக்கு டவுன்ஃபோர்ஸ் ஒன்றும் செய்யாது. அதோடு எங்கள் ஜிடி3யில் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கிறது, அவர்களுக்கு இல்லை. நேர்பாதையில் நம்மை விழுங்கிவிடுவது போல வந்தவன் அங்கே பிரேக் பூட்டிக்கொண்டு நமக்கு முன்னாலேயே தடுமாறுவான். பொறுமை இல்லாத ஒருத்தன் உள்பக்கம் பாய்ந்து, எங்கள் கதவில் முட்டி, தானே சுற்றி நின்றான். நண்பன் அசையவில்லை, ஆனாலும் ஆளுக்கு 4 இன்சிடென்ட் புள்ளி, மோதினால் ஏறுகிற கரும்புள்ளி. யார் தப்பு என்றெல்லாம் அந்தக் கணக்கு கேட்காது.

சொந்தத் தப்புக்கும் குறைவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் கடந்திருக்கும், திடீரென்று டிஸ்கார்டில் ஒரு அலறல்: "பிரேக்கே இல்லடா!" கார் ஹேர்பின்னைக் கண்டுகொள்ளாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. பிரேக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு முழு பலத்தோடு பெடலை மிதித்திருக்கிறான், பெடல் அமுங்குவதற்குப் பதில் நாற்காலி பின்னால் ஓடிவிட்டது. மீதி ஸ்டின்ட் முழுவதும் ஒரு காலை மேசைக்கு அடியில் முட்டுக்கொடுத்து ஓட்டினானாம். எப்படி என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

இதற்கிடையே எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு கார் அப்படியே காற்றில் மறைந்தது. இணைப்பு போய்விட்டது, எங்களுக்கு ஓர் இடம் லாபம். இது பெரிய ஆட்களுக்கும் நடக்கிறது. 2023 ஜனவரியில் நடந்த மெய்நிகர் லெ மான் 24 மணி நேரப் போட்டியில் முன்னணியில் இருந்தபோதே ஃபார்முலா 1 வீரர் மாக்ஸ் வெர்ஸ்டாப்பனின் இணைப்பு அறுந்தது. உலகச் சாம்பியனுக்கே அந்தக் கதி.

கடைசி ஸ்டின்ட் மறுபடி நான். பத்து நிமிடம் மிச்சம், ஜிடி3யில் 13ஆவது இடம், ஒரு நொடி முன்னால் 12ஆவதாக ஒரு போர்ஷே. பின்னால் இரண்டு எல்எம்பி2 தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டு விளக்கை அடித்துக்கொண்டே வருகின்றன. கடைசி வளைவுக்கு முந்தைய நேர்பாதை, என் கார் சுற்றிய அதே இடம். கை அரித்தது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இடது பக்கமே போனேன், இரண்டும் என் வலது பக்கத்தில் விர்ரென்று தாண்டிப் போயின. போர்ஷேக்காரன் கண்ணாடியில் வெளிச்சத்தைப் பார்த்திருக்க வேண்டும். மரியாதையாக வலது பக்கம் ஒதுங்கினான்.

முதல் எல்எம்பி2 எப்படியோ புல்லில் இறங்கித் தப்பியது. இரண்டாவது தப்பவில்லை. சிதறல்களுக்கு நடுவே 12ஆவது இடத்துக்கு வந்தேன், அப்படியே முடித்தேன். போட்டி முடிந்ததும் அந்த போர்ஷேக்காரன் சாட்டில் கொதித்துக்கொண்டிருந்தான்: வழிதானே விட்டேன், வழிதானே விட்டேன். ஏதாவது சொல்லலாமா என்று தட்டச்சு செய்யத் தொடங்கி, அழித்துவிட்டேன். ரீப்ளே பார்ப்பான்.

அடுத்தது ரோட் அட்லாண்டா சர்க்யூட். சுற்றே நான்கு கிலோமீட்டர் சொச்சம்தான், அதே 44 கார்கள். நண்பன் இந்த முறை எல்எம்பி2 எடுக்கலாம் என்கிறான், தாண்டப்படுவது போதுமாம், தாண்டிப் பார்க்க வேண்டுமாம். நாற்காலியை முதலில் மாற்று என்றேன். சக்கரங்களைக் கழற்றிவிட்டானாம். இப்போது உயரம் குறைந்து, திரையில் பாதிதான் தெரிகிறது என்கிறான்.