அழிஞ்சு போன முகங்கள்

இங்கிலாந்துல பழைய சர்ச் ஜன்னல்களை சரி பண்ற பட்டறையில வேலை பாக்குறேன், எங்க மேஜைக்கு வர்றது பெரும்பாலும் விக்டோரியா காலத்து ஸ்டெயின்ட் கிளாஸ், அதாவது வண்ணக் கண்ணாடிதான். 1860, 70கள்ல செஞ்சதுன்னா என் கண்ணு முதல்ல அதுல வரைஞ்ச உருவங்களோட முகத்துக்குத்தான் போகும். அங்கியோட நீலமும் சிவப்பும் அப்படியே ஜொலிக்கும், அந்த நிறம் கண்ணாடிக்குள்ளயே இருக்கு, ஆனா கண்ணு மூக்கு வாய் பாதி காணாம போயிருக்கும்.

காரணம் பெயிண்ட். இரும்பு ஆக்சைடையும் கண்ணாடிப் பொடியையும் கோந்துல குழைச்சு வரைஞ்சு, 600 டிகிரிக்கு மேல சூளையில சுட்டா அது கண்ணாடியோட உருகி ஒட்டிக்கும். அப்போ ஊருக்கு ஊர் புது சர்ச் எழும்புது, ஆர்டர் குவியுது, கிளேட்டன் அண்ட் பெல்லுங்கிற ஒரு கம்பெனியிலயே உச்சத்துல 300 பேர் வரைக்கும் இருந்திருக்காங்க. குறைஞ்ச சூட்டுலயே உருகட்டும்னு பல பட்டறைகள்ல பெயிண்ட்ல போராக்ஸ் (வெங்காரம்) கலந்தாங்க, அது ஈரம் தாங்காது, வருஷக்கணக்கா ஜன்னல்ல வேர்த்து வேர்த்து கோடு உதிர்ந்துடுச்சு. சார்ல்ஸ் வின்ஸ்டன்னு ஒரு வக்கீல் இடைக்காலக் கண்ணாடியை கெமிக்கல் டெஸ்ட் பண்ண வச்சு, பவல்ங்கிற கண்ணாடி கம்பெனி மூலமா அதே மாதிரி தடிமனும் ஆழமான நிறமுமா கண்ணாடி வர வச்சாரு, கண்ணாடிக்கு அவ்வளவு பாடுபட்ட காலத்துல பெயிண்ட் இப்படி ஆனது எனக்கு நெஜமாவே வருத்தம்.

ஏன்னா ஒரு ஜன்னல் ஒருத்தர் வேலை இல்ல. டிசைன் போடுறவர், வெட்டுறவர், துண்டுகளை ஈயப் பட்டையால இணைக்கிறவர்னு வேற வேற ஆளு, பெயிண்டிங்லயே துணி மடிப்பு ஒரு கை, முகம் கைதேர்ந்த இன்னொரு கை. பில்லுல கம்பெனி பேரு மட்டும்தான். முகம் அழிஞ்சா அந்தப் பேரில்லாத ஆளோட வேலைதான் மொத்தமா போகுது.

சர்ச்காரங்க "மேலயே புதுசா வரைஞ்சிடுங்களேன்"னு கேப்பாங்க. செய்ய மாட்டோம், பழைய கண்ணாடியை திரும்ப சூளையில வச்சா மிச்சம் இருக்கிறதும் போயிடலாம். பக்கவாட்டுல லைட் அடிச்சா போன கோட்டோட தடம் மங்கலா தெரியும், அதைப் பாத்து ஒரு மெல்லிய, நிறமில்லாத கண்ணாடியில வரைஞ்சு சுட்டு பின்னாடி பொருத்துவோம், வேணாம்னா நாளைக்கு கழட்டிடலாம். தடமும் இல்ல, பழைய போட்டோவும் இல்லன்னா நானா கற்பனை பண்ணி கண்ணு வரையறதுல எனக்கு உடன்பாடில்ல, வெறுமையாவே விடுங்கன்னுதான் ஒவ்வொரு தடவையும் சொல்றேன், சில பேருக்கு அது பிடிக்கிறதில்ல.