காப்பீடு இல்லாமல் கவுன்சலிங்: ஒரு கணக்குப்பிள்ளையின் அனுபவம்

கடலூரில் ஒரு ஃபர்னிச்சர் கடையில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 18,000 ரூபாய். கடையில் ஆறே பேர்தான், அதனால் இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு கிடையாது. பத்துப் பேராவது இருந்தால்தான் அந்தச் சட்டத்துக்குள் வரும். சொந்தமாக மருத்துவக் காப்பீடும் எடுத்ததில்லை. இப்படி இருந்துகொண்டே ஆன்லைனில் கவுன்சலிங் எடுத்தேன், அதற்காகக் கடனும் வாங்கவில்லை. எப்படி என்று தெரிந்தவர்கள் சிலர் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிரச்சினையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை அடுத்து சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து எங்கள் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்கப்புறம் மழை கொஞ்சம் பலத்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும், விரல் மரத்துப்போகும், இதோ உயிர் போகப்போகிறது என்று தோன்றும். இசிஜி, தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று, எதிலும் கோளாறு இல்லை. எங்கள் தெரு டாக்டர், "உடம்புல ஒண்ணும் இல்லப்பா. மனநல டாக்டர் ஒருத்தரப் பாரு, கவுன்சலிங்கும் எடுத்துக்க" என்று அனுப்பிவிட்டார்.

முதலில் போனில் செயலிகளைத்தான் தேடினேன். வெளிநாட்டுச் செயலிகள் டாலரில் வாரக் கட்டணம் கேட்டன. நம் ஊர்ச் செயலிகளில் நான் பார்த்தவரை ஒரு அமர்வுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய். பலவற்றில் ஆறு அமர்வு, எட்டு அமர்வு என்று மொத்தமாகக் கட்டச் சொன்னார்கள். "தமிழ்" என்று தேர்ந்தெடுத்தால் பட்டியல் பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். நெஞ்சுக்குள் நடப்பதை ஆங்கிலத்தில் சொல்லிப் பழக்கமில்லாத ஆளுக்கு அது பெரிய இடைஞ்சல். பேசப் போகிறவரைப் பார்க்காமலே மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இப்போதும் அதே கருத்துதான்.

காப்பீடு இல்லையே என்ற குறையும் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பாலிசி விற்கும் நண்பர் ஒருவரிடம் கேட்ட பிறகு அது பாதி தணிந்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடு தருகிறார்களோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும். சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான் பணம் தரும். வாரா வாரம் போனில் பேசுவதற்கு அதில் வழியில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்குத்தான். ஆக, என்னிடம் பாலிசி இருந்திருந்தாலும் இந்தச் செலவு அநேகமாக என் கையைவிட்டுத்தான் போயிருக்கும்.

அப்புறம் ஒருநாள் ராத்திரி படபடப்பு வந்தபோது 14416-க்குக் கூப்பிட்டேன். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். பேசிய பெண் அவசரப்படுத்தவே இல்லை. தூக்கம், சாப்பாடு, குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்றும் நேரடியாகவே கேட்டார். இல்லை என்றேன். அப்படி எண்ணம் வருகிறவர்கள் நான் எழுதுவது மாதிரி விலை விசாரித்துக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது. உடனே அந்த எண்ணுக்குப் பேச வேண்டும், அல்லது பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். என்னை அவர் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார். இந்த எண் முதல் கைப்பிடி மாதிரி. மாதக்கணக்கில் ஒரே ஆளோடு உட்கார்ந்து சிகிச்சை எடுப்பதற்கான ஏற்பாடு அல்ல.

மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனையில் ஓபி சீட்டு போட்டுப் பார்த்தேன். காசு செலவில்லை, மாத்திரையும் அங்கேயே கொடுத்தார்கள். என் பிரச்சினைக்கு பேனிக், அதாவது திடீர்ப் பீதி, என்று பெயர் சொன்ன டாக்டர், மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும், நீயாக நிறுத்திவிடாதே என்று இரண்டு முறை அழுத்திச் சொன்னார். கூடவே சிபிடி என்கிற பேச்சுச் சிகிச்சை எடுத்தால் நல்லது என்றார். நோய் என்னவென்று கண்டுபிடிப்பதும் மாத்திரையும் இலவசம் என்று ஆனதும் என் கணக்கு சின்னதாகிவிட்டது. பேச்சுச் சிகிச்சைக்கு மட்டும் பணம் தேடினால் போதும். புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்கு கோரிமேடு ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. கடலூரிலிருந்தே எல்லா நோய்க்கும் அங்கே பஸ் ஏறுகிறவர்கள்தானே நாம்.

ஆள் தேடியதில்தான் அதிக நேரம் போனது. கவுன்சலர் என்று போர்டு மாட்டிக்கொள்ளப் பெரிய தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. சில வாரப் பயிற்சிச் சான்றிதழை வைத்துக்கொண்டு 1,500 ரூபாய் கேட்டவரும் உண்டு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மனநலச் சிகிச்சை தரும் உளவியலாளர், என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்சிஐயில், பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு அவர்கள் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். எண்ணைக் கேட்டதும் ஒருவர் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டார். அவருக்கான பணம் மிச்சம்.

முதுநகர் மீன் மார்க்கெட்டில் ஒரு கூறு மத்திக்குக் கால் மணி நேரம் பேரம் பேசுகிற நாம், டாக்டர் மாதிரி ஒருவரிடம் மட்டும் கட்டணத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. நான் இப்படி ஒரு செய்தி தட்டிவைத்துக்கொண்டு பலருக்கும் அனுப்பினேன்: "வணக்கம். பேனிக் பிரச்சினை, அரசு மருத்துவமனையில் மாத்திரை எடுக்கிறேன். சம்பளம் 18,000. ஒரு அமர்வுக்கு 500 ரூபாய் வரை தர முடியும். தமிழில் பேச வேண்டும். சலுகைக் கட்டணம் உண்டா? சுமார் எத்தனை அமர்வு ஆகும்? ஒவ்வொரு முறையும் தனித்தனியாகப் பணம் கட்டலாமா?" பாதிப் பேர் பதில் போடவில்லை. ஒருவர் முடியாது என்று மரியாதையாகச் சொல்லி, மேற்பார்வையில் பயிற்சி எடுக்கும் எம்ஃபில் உளவியல் மாணவர்களிடம் குறைந்த செலவில் பார்க்கலாம் என்று வழியும் சொன்னார்.

கடைசியில் ஒத்துக்கொண்டவர் புதுச்சேரியில் இருக்கும் ஒரு சைக்காலஜிஸ்ட். வழக்கமான கட்டணம் 1,200. வேலை நாளில் மதியம் மூன்று மணிக்கு யாரும் கேட்பதில்லை, அந்த நேரம் சரி என்றால் 500-க்குத் தருகிறேன் சார் என்றார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஐம்பது நிமிடம். இந்தப் பிரச்சினைக்கு சிபிடி பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு அமர்வில் முடியும் என்றும் சொன்னார். அதாவது மொத்தமே 6,000-க்குள், அதுவும் அரை வருஷத்தில் பரவலாக. அமர்வுக்கு எவ்வளவு என்பதைவிட மொத்தம் எத்தனை என்று கேட்டதுதான் எனக்கு உதவியது.

சரி, மூன்று மணிக்கு எங்கே உட்கார்ந்து பேசுவது? வீட்டில் இரண்டே அறை. ஒருமுறை லீவு நாளில் வாசலில் நின்று பேசினேன், உள்ளேயிருந்து அம்மா, "யாருகிட்டடா இவ்ளோ நேரமா பேசுற?" என்று மூன்று தரம் கேட்டுவிட்டார். சில்வர் பீச்சில் காற்று இரைச்சலில் அவர் பேசுவது கேட்கவில்லை. கடைசியில் முதலாளியிடமே கேட்டேன். "டாக்டர்கிட்ட போன்ல பேசணும் முதலாளி, மதியம் ஒரு மணி நேரம் வேணும்." "பேசிக்கப்பா, சனிக்கிழம மட்டும் வேணாம்" என்று முடித்துக்கொண்டார். மாடி குடோனில் விற்காமல் கிடந்த மெத்தைகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். பஞ்சும் ஃபோமும் சத்தத்தை வாங்கிக்கொள்வதால் கீழே ஒன்றும் கேட்காது. வீடியோவில் பின்னால் வரிசையாக பீரோ தெரியும். சைக்காலஜிஸ்ட் அம்மா ஒருநாள் அதன் விலைகூட விசாரித்தார்.

உள்ளே என்ன நடந்தது என்று கேட்பவர்களுக்கு: அழ வைக்கவில்லை, சின்ன வயதையெல்லாம் தோண்டவில்லை. படபடப்பு வந்தால் உடனே "செத்தோம்" என்று நினைப்பதும், அந்த நினைப்பே படபடப்பைக் கூட்டுவதும் எப்படிச் சுற்றுகிறது என்று நோட்டில் எழுத வைத்தார். பிறகு என் இசிஜி ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, குடோன் படிக்கட்டில் வேகமாக ஏறி இறங்கி வேண்டுமென்றே நெஞ்சைப் படபடக்க வைக்கச் சொன்னார். படபடத்தது, ஒன்றும் ஆகவில்லை, அடங்கியது. அதைத் திரும்பத் திரும்பச் செய்தோம். அடுத்து மழைச் சத்தப் பதிவைக் கேட்பது, அதற்கப்புறம் ஆல்பேட்டைப் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்ப்பது என்று படிப்படியாகப் போனது. வீட்டுப்பாடம் செய்யாமல் போன வாரங்களில் அந்த 500 வீண் என்றே சொல்வேன்.

ஆன்லைனில் ஒரு சங்கடம் உண்டு. எனக்கு உதவி தேவைப்படுவதே அடைமழையில்; அப்போதுதான் கரன்ட் போகும், சிக்னலும் போகும். அதனால் செய்ய வேண்டியதைச் சின்ன அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

இப்போது மாதம் ஒருமுறைதான் பேசுகிறோம். மாத்திரையைக் குறைப்பதை மஞ்சக்குப்பம் டாக்டர் முடிவு செய்வார். மூன்று மணி இடத்தை விட்டுக்கொடுத்தால் அது வேறு ஒருவருக்குப் போய்விடும் என்று சைக்காலஜிஸ்ட் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். மறுபடி வர வேண்டியிருந்தால் கட்டணத்தை அப்போது புதிதாகத்தான் பேச வேண்டும். அதே செய்தியை இன்னும் போனில் வைத்திருக்கிறேன், சம்பளத் தொகையை மட்டும் மாற்றினால் போதும்.