நடைபாதைக்கு வந்த நோட்டீஸ்

வீடில்லாதவர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க முகவரிச் சான்று எதுவும் தேவையில்லை. தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதலே அப்படித்தான் இருக்கிறது. படிவம் 6-இல் தான் தூங்கும் இடத்தை எழுதிக் கொடுத்தால் போதும். வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதாவது நாம் பி.எல்.ஓ. என்று சொல்பவர், ராத்திரியில் நேரில் வந்து அந்த ஆள் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். ஒரு ராத்திரி போதாது, ஒன்றுக்கு மேற்பட்ட ராத்திரிகள். விதி அவ்வளவுதான். இதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இப்படி ஒரு விதி இருப்பது அதைச் செய்ய வேண்டியவர்களுக்கே பல நேரம் தெரியவில்லை.

எங்கள் தெரு புரசைவாக்கம் பக்கம். தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை இடித்து பில்டரிடம் கொடுத்து, அதே மனையில் வந்த ஃபிளாட்டில்தான் இப்போது இருக்கிறோம். வரிசையாக ஓட்டு வீடுகள் இருந்த தெருவில் இன்று ஒன்றிரண்டு தவிர எல்லாமே அடுக்குமாடி. மாறாதது எதிர்ச்சாரி நடைபாதையும் அங்கே படுக்கும் பூக்கார அக்கா குடும்பமும்தான். அக்காவின் மாமியார் காலத்திலிருந்து அங்கே இருக்கிறார்கள். எனக்கு நரை விழுந்த பிறகும் அக்காவுக்கு நான் பாப்பாதான்.

புதிதாக வந்தவர்களுக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் வாரத்துக்கு ஒரு போட்டோவாவது வரும்: தார்ப்பாய், அடுப்பு, கொடியில் காயும் துணி. குறைகள் எல்லாமே பொய் என்று சொல்ல மாட்டேன். மூத்திர நாற்றம் எனக்கும்தான் அடிக்கிறது. ஆனால் தெருமுனையில் இருக்கும் பொதுக் கழிப்பறையை ராத்திரி ஒன்பது மணிக்கே பூட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவர்கள் எங்கே போவார்கள் என்று குழுவில் கேட்டேன். யாரோ ஒருவர் கைகூப்பும் பொம்மையைப் போட்டார், அதோடு முடிந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2023 நவம்பரில் மாநகராட்சிப் பள்ளியில் சிறப்பு முகாம் போட்டிருந்தார்கள். அக்காவையும், புதிதாகப் பதினெட்டு முடிந்த அவர் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். மேஜையில் இருந்த அம்மா முதலில் கேட்டதே, "கேஸ் புக் இருக்கா? இல்லேன்னா கரண்ட் பில்?"

அக்கா சிரித்துவிட்டார். "கரண்ட் கம்பத்துக்குக் கீழதாம்மா படுக்குறோம். பில்லு எங்களுக்கு வராது."

மகளுக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் இருந்ததால் வயதுச் சிக்கல் இல்லை. அக்காவுக்கு ஆதார் இருந்தது. ஆனால் அது வியாசர்பாடியில் தங்கச்சி வீட்டு முகவரியில் எப்போதோ எடுத்தது. உடனே, "அப்போ வியாசர்பாடியிலேயே போட்டுக்குங்க" என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் திரும்பிப் போகிறார்கள். போகாதீர்கள். ஆதாரில் எந்த ஊர் இருக்கிறது என்பதல்ல கேள்வி, சாதாரணமாக எங்கே வசிக்கிறார் என்பதுதான். 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: ஒரு தொகுதியில் சொந்த வீடு இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவரை அங்கே வசிப்பவராகக் கருத முடியாது. எங்கள் கட்டடத்திலேயே ஃபிளாட்டை வாடகைக்கு விட்டுவிட்டு பெங்களூரில் குடித்தனம் நடத்துகிறவர்கள் பெயர் பட்டியலில் இருக்கிறது. அதை எதிர்த்து யாரும் மனுப் போட்டதாக நான் கேள்விப்படவில்லை.

மேற்பார்வையாளர் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அவர் அச்செடுத்த தாளைப் படித்துவிட்டு, "வாங்கிக்கோம்மா" என்றார். அப்புறமும் கிளம்பவில்லை. படிவத்தின் அடியில் இருக்கும் ஒப்புகைச் சீட்டைக் கிழித்துக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் எழுந்தோம். அது இல்லையென்றால் நீங்கள் படிவம் கொடுத்ததற்கே சாட்சி கிடையாது.

முகவரிக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று பலர் கேட்கிறார்கள். எதிரில் இருக்கும் கட்டடத்தின் கதவு எண், எந்தக் கடை வாசல், இரண்டையும் எழுதுங்கள். கூடவே "நடைபாதை" என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும். வெறும் கதவு எண்ணை எழுதினால் பி.எல்.ஓ. அந்த வீட்டு மணியை அடிப்பார், அவர்கள் அப்படி யாரும் இல்லை என்பார்கள், கதை முடிந்தது.

பி.எல்.ஓ. வந்தார், சாயங்காலம் ஆறரைக்கு! அந்நேரம் அக்கா கோயில் வாசலில் பூ விற்றுக்கொண்டிருப்பார். மகள் ஜவுளிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருப்பாள். ஹார்டுவேர் கடை ஷட்டரை இறக்கிய பிறகுதான் இவர்கள் பாய் விரிக்க முடியும், அதற்குப் பத்து மணி ஆகிவிடும். வந்தவர் கண்ணில் பட்டது கட்டிவைத்த ஒரு மூட்டைதான். "ஆள் இல்லை" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அவரையும் முழுசாகக் குறை சொல்ல முடியவில்லை. அவர் அங்கன்வாடி ஊழியர். பகலெல்லாம் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, வீட்டில் சமைத்துப் போட்டுவிட்டு, ராத்திரி பதினோரு மணிக்குத் தெருவில் தனியாக வந்து நில்லு என்றால் எந்தப் பெண்ணுக்கும் தயக்கமாகத்தான் இருக்கும். விதி எழுதியவர்கள் அதை யோசித்தார்களா தெரியவில்லை. மேற்பார்வையாளரிடம் பேசினேன். அவர் தன் பைக்கில் அந்த அம்மாவை அழைத்துக்கொண்டு பத்தரைக்கு வந்தார். நானும் கீழே இறங்கி நின்றேன். வந்த நேரத்தை அறிக்கையில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். எங்களுக்குப் பின்னால் உதவியது. முன்கூட்டியே போன் செய்துவிட்டு வரச் சொல்வதிலும் தப்பில்லை.

இதற்குள் சங்கத்துக்கு விஷயம் தெரிந்துவிட்டது. செயலாளர் படிவம் 7-ஐ நிரப்பி ஆட்சேபம் கொடுத்துவிட்டு, அதைக் குழுவிலும் போட்டார். டிக் அடித்திருந்த காரணம்: நிரந்தரமாக இடம்பெயர்ந்துவிட்டவர். எப்படி என்று கேட்டால், 1913-க்குப் போன் போட்டு மாநகராட்சி வண்டியை வரவழைத்துத் தார்ப்பாயை அள்ளியாகிவிட்டதாம். அள்ளியது உண்மை. அன்று ராத்திரியே அவர்கள் அங்கேதான் படுத்தார்கள் என்பதும் உண்மை. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: படிவம் 7 கொடுப்பவர் அதே தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும். பொய் என்று தெரிந்தே உறுதிமொழி கொடுத்தால் அதே சட்டத்தின் 31-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ உண்டு. ஆட்சேபம் வந்ததாலேயே பெயர் போய்விடாது, விசாரணை நடக்க வேண்டும்.

அப்புறம்தான் மிக்ஜாம் புயல் வந்தது. டிசம்பர் 3, 4 தேதிகளில் கொட்டிய மழையில் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். அக்கா குடும்பம் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியது. பி.எல்.ஓ.வின் இரண்டாவது இரவு வருகை சரியாக அந்த வாரத்தில் அமைந்தது. தண்ணீர் வடிந்து நடைபாதை சேறாகக் கிடந்தது, ஆள் யாரும் இல்லை. இப்போது கோப்பில் ஒரு ராத்திரி "இருந்தார்", ஒரு ராத்திரி "இல்லை", அதற்கு மேல், நிரந்தரமாக இடம்பெயர்ந்துவிட்டார் என்று ஓர் ஆட்சேபம். அதே நாட்களில் எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் கார்கள் மூழ்கி, கரண்ட் இல்லாமல், பாதிப் பேர் ஓட்டலுக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் போயிருந்தார்கள். அவர்களை நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர்கள் என்று யாரும் எழுதவில்லை.

விசாரணைக்கு நோட்டீஸ் அனுப்புவார்கள் என்று தெரியும். நடைபாதைக்கு நோட்டீஸ் எப்படி வரும்? எதிர்க் கட்டடக் கதவு எண் இருந்ததால் அது எங்கள் வாட்ச்மேன் கைக்கு வந்தது. அவர் வழக்கம்போல் சங்கத் தபால் பெட்டியில் போட்டார். பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறது? ஆட்சேபம் கொடுத்த அதே செயலாளரிடம். வாட்ச்மேன் எதேச்சையாகச் சொல்லியிருக்காவிட்டால் நாங்கள் வராமலேயே விசாரணை முடிந்திருக்கும். செயலாளரிடம் கேட்டதும் கவரை எடுத்துக் கொடுத்துவிட்டார், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனாலும் நீங்கள் தபாலை நம்பாதீர்கள். வந்த ஆட்சேபங்களின் பட்டியலை, படிவம் 10 என்பார்கள், வாக்காளர் பதிவு அலுவலகத்தில் ஒட்டுவார்கள். போய்ப் பாருங்கள். விண்ணப்பத்தில் உங்கள் செல்போன் எண்ணையும் எழுதுங்கள்.

விசாரணைக்கு என்ன எடுத்துப் போவது என்று இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. டீக்கடைக்காரர் எழுதித் தருகிறேன் என்றார், பூ வாங்கும் மாமிகள் சாட்சி சொல்ல வருகிறோம் என்றார்கள். கடைசியில் வாட்ஸாப் குழுவைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனபோதுதான் கண்ணில் பட்டது. சங்கம் வருஷக்கணக்காக மாநகராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் கொடுத்த புகார்களின் நகல் எல்லாம் அங்கேயே கிடந்தன, புகார் எண்ணோடு, தேதியோடு. "மேற்படி நபர்கள் தினமும் இரவில் மேற்கண்ட நடைபாதையில் நிரந்தரமாகப் படுத்து உறங்குகிறார்கள்." இதைவிட நல்ல குடியிருப்புச் சான்றை எந்தத் தாசில்தார் தருவார்? எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துத் தேதிவாரியாக அடுக்கினேன்.

மண்டல அலுவலகத்தில் உதவி வாக்காளர் பதிவு அலுவலர் முன்னால் உட்கார்ந்தோம். செயலாளர் மரியாதையாகவே பேசினார். "இவங்க மேல எங்களுக்கு எந்தக் கோபமும் இல்ல சார். பெரும்பாக்கத்துல வீடு குடுத்தா எங்களுக்கும் சந்தோஷம்தான்" என்றார். நகரத்துக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்படுகிறவர்களுக்கு அரசு அடுக்குமாடி வீடு கொடுக்கும் இடம் அது.

அக்கா விடவில்லை. "விடியக்காலைல கோயம்பேடு போய் பூ எடுக்கணும் சார். பெரும்பாக்கத்துலேர்ந்து எந்த பஸ்ஸுல வர்றது? அங்க போன எங்க ஆளுங்களே பாதிப் பேர் திரும்பி வந்துட்டாங்க." பெரும்பாக்கம் கோயம்பேட்டிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். தவிர, அங்கே வீடு கிடைக்கவும் கணக்கெடுப்பில் பெயர் வர வேண்டும், அதற்கும் வாக்காளர் அட்டையைத்தான் கேட்பார்கள். மாநகராட்சி இரவுக் காப்பகத்துக்குப் போகலாமே என்று அடுத்து வந்தது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. அக்காவுக்கு மகளோடு பள்ளி படிக்கும் மகனும் இருக்கிறான்.

நான் புகார்க் கட்டை மேஜையில் வைத்தேன். அலுவலர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு செயலாளரைப் பார்த்து, "சார், தினமும் இங்கதான் தூங்குறாங்கன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்களே. இப்போ இல்லேன்னும் எழுதியிருக்கீங்க. எதை எடுத்துக்கறது?" என்று கேட்டார். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேற்பார்வையாளர் பத்தரை மணிக்குப் பார்த்ததாக எழுதிய குறிப்பும் கைகொடுத்தது. ஆட்சேபம் தள்ளுபடி.

ஒருவேளை உங்களுக்கு எதிராக உத்தரவு வந்தால், பதினைந்து நாட்களுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். சென்னையில் அது மாநகராட்சி ஆணையர்.

2024 ஜனவரி 22-ஆம் தேதி வெளிவந்த இறுதிப் பட்டியலில் இரண்டு பெயரும் இருந்தன. அட்டை தபாலில் வந்தது. இந்த முறை தபால்காரரிடம் முன்பே சொல்லிவைத்திருந்தேன். அவர் கோயில் வாசலுக்கே போய்ப் பூக்கூடை பக்கத்தில் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஏப்ரல் 19 அன்று இருவரும் ஓட்டுப் போட்டார்கள்.

ரேஷன் அட்டை மட்டும் இன்னும் வரவில்லை. மிக்ஜாம் நிவாரணம் ஆறாயிரம் ரூபாய்க்கு டோக்கன் கொடுத்ததே ரேஷன் அட்டையை வைத்துத்தான். அதனால் வாக்காளர் அட்டையை இணைத்து விண்ணப்பித்தோம். பார்க்க வந்தவர் தனிச் சமையலறை எங்கே என்று கேட்டார். நடைபாதையில் மூன்று கல் வைத்த அடுப்பைக் காட்டினோம். அவர் எழுதவும் இல்லை, மறுக்கவும் இல்லை, மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று போனார். யாராவது இதைத் தாண்டியிருந்தால் எப்படி என்று சொல்லுங்கள்.

போன மாதம் செயலாளர் என்னிடம் வந்தார். தெருவிளக்குக்கும் கழிவுநீர் அடைப்புக்கும் கவுன்சிலரிடம் மனுக் கொடுக்கிறார்களாம், வாக்காளர் கையெழுத்து எவ்வளவு அதிகமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லதாம், எதிர்ச்சாரியிலும் கேட்டுப் பார்க்க முடியுமா என்றார். அக்கா மனுவை மகளை விட்டுப் படிக்கச் சொன்னார். கழிப்பறையை ராத்திரியும் திறந்து வைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால்தான் கையெழுத்து என்றார். சேர்த்தார்கள். மனு மண்டல அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. பூட்டு இன்னும் ஒன்பது மணிக்குத்தான் விழுகிறது.