எல்லை வரை ரோடு

மனை பிரித்து விற்கும் அந்த புரோமோட்டரிடம் தெருக்குத்துப் பேச்சை எடுத்திருக்க வேண்டாமோ என்று இன்னும் தோன்றுகிறது. எடுக்காவிட்டால் அவர் மசிந்திருக்கவும் மாட்டார்.

கூடுவாஞ்சேரிப் பக்கம் அவருடைய லேஅவுட், அதாவது மனைப்பிரிவு; வரைபடம் நான் போட்டது. 30 அடி ரோட்டைப் பக்கத்து சர்வே நம்பரின் எல்லை வரை இழுத்திருந்தேன். அவர் பென்சிலை எடுத்து ரோட்டு முனையில் குறுக்கே ஒரு மனையைப் போட்டார். "அடுத்தவன் நிலத்துக்கு என் காசுல எதுக்கு சார் ரோடு?" ரோட்டை இழுத்தால் அவருக்குப் போவது 30-க்கு 50, அதாவது 1,500 சதுர அடி. கேள்வியில் நியாயம் இருந்தது. "ரோடு நேரா வந்து இந்த மனையிலதான் முட்டுது. தெருக்குத்து. யாரு வாங்குவாங்க?" என்றேன். கோட்டை அவரே அழித்தார். எனக்கு வாஸ்துவில் துளியும் நம்பிக்கை கிடையாது.

சொல்ல நினைத்தது வேறு. அண்ணா நகரை வீட்டு வசதி வாரியம் மொத்தமாகத் திட்டமிட்டது; எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஏதோ ஒரு அவென்யூவில் வெளியே வந்துவிடலாம். புறநகரில் அவரவர் சர்வே நம்பரோடு ரோடு நின்றுவிடுகிறது. ஓஎம்ஆரில் பல இடங்களில் மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்குப் போக மெயின் ரோட்டுக்கு வந்து யூ டர்ன் அடிக்க வேண்டும். வீட்டை இடித்துக் கட்டலாம். மனைகளைப் பத்திரம் பதிந்து விற்ற பிறகு தெருவை மாற்றுவது நடக்காத காரியம். அமெரிக்காவில் முட்டுச்சந்து மோகம் 1990களின் நடுவில் உச்சத்துக்குப் போய் அப்புறம் இறங்கியது. ஆனால் அதற்கு முன் போட்ட தெருக்கள் போட்டபடியேதான் இருக்கின்றன.

பக்கத்து நிலமும் லேஅவுட் ஆனது, ரோடு சேர்ந்தது. இப்போது அதில் பள்ளி வேன், தண்ணி லாரி, டிப்பர் எல்லாம் போகின்றன. வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, வரைந்தவன் நான்தான் என்று தெரிந்து அந்த ரோட்டில் குடியிருக்கும் பெரியவர் ஒருவர் பிடித்துக்கொண்டார். ரோட்டுக்குக் குறுக்கே கேட் போட வேண்டுமாம். தானப்பத்திரம் எழுதிக் கொடுத்த ரோடு பொதுச்சாலை, போட முடியாது என்று விளக்கினேன். "உங்க வாசல்ல டிப்பர் போனா இப்படிப் பேசுவீங்களா தம்பி?"

நான் சொன்னது கேட் விஷயத்துக்குப் பதில், அவர் கேட்டதற்கு அல்ல. என் வீடு இருப்பது மடிப்பாக்கத்தில் ஒரு முட்டுச்சந்தில். பிள்ளைகள் தெருவில் கிரிக்கெட் ஆடுகிறார்கள். அதைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

அடுத்த லேஅவுட் பிள்ளைகள் இந்த வழியாக நடந்தே பள்ளிக்குப் போகிறார்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். நடக்க மட்டும் வழி விட்டுக் குறுக்கே கல் நட்டால் போச்சு என்றிருப்பார். அதுவும் சரிதான். ஆனால் கல்லை நட்டால் ஆம்புலன்ஸும் ஜிஎஸ்டி ரோட்டைச் சுற்றித்தான் அவர் வீட்டுக்கு வரும்.